சொந்தக் காரணங்களுக்காக

ரேஷன் கார்டு, கேஸ் புக், பையனின் தடுப்பூசி அட்டை எல்லாம் இருக்கும் நீல ஃபைலில் ஒரு ஜெராக்ஸ் தாளும் கிடக்கிறது. வேறு எதையாவது தேடும்போதெல்லாம் இதுதான் முதலில் கையில் சிக்கும். மொத்தமே மூன்று வரி. ‘நான் எனது சொந்தக் காரணங்களுக்காக 15.07.2022 முதல் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.’ கீழே என் கையெழுத்து. எழுதியது நான், வாசகம் என்னுடையது இல்லை. ஹெச்.ஆர். சொல்லச் சொல்ல எழுதினேன். இத்தனை நாள் ஆகியும் ‘எனது சொந்தக் காரணங்களுக்காக’ என்ற அந்த மூன்று வார்த்தைகள் மட்டும் செருப்புக்குள் புகுந்த மணல் மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஏழு வருடம் டேலி கிளார்க்காக, அதாவது வந்துபோகும் பெட்டிகளைக் கணக்கெழுதுகிறவனாக இருந்தேன். தண்டையார்பேட்டையிலிருந்து போய்வர வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றுவிட்டால் பைக்கைச் சந்துகளுக்குள் திருப்பி, எந்தத் தெரு எங்கே முடிகிறது என்று மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருப்பவர்கள் மட்டுமே ஷிஃப்டுக்கு நேரத்தில் போய்ச் சேருவார்கள். கடைசி இரண்டு வருடம் என்னை ரீஃபர் பக்கம் போட்டிருந்தார்கள். வெள்ளை கன்டெய்னர், ஒரு முனையில் குளிர்பதன யூனிட், 440 வோல்ட் பிளக். உறைய வைத்த இறால் இருந்தால் மைனஸ் 18 டிகிரி. ராத்திரியில் டார்ச்சும் ரிஜிஸ்டருமாக ஒவ்வொரு பெட்டியாகப் போய்த் திரையில் தெரியும் எண்ணைக் குறித்துவர வேண்டும். ஒரு மே மாத ராத்திரி ஒரு பெட்டியில் எண் மேலே ஏற ஆரம்பித்தது. மைனஸ் 18, மைனஸ் 15, மைனஸ் 11. நானும் ஒழுங்காக எழுதிக்கொண்டே இருந்தேன். மெக்கானிக் வந்து பேனலைத் திறந்து, எதையோ தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, இருபது நிமிடத்தில் சரிசெய்துவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் சம்பளம் என்னுடையதைப் போல இரண்டு மடங்கு. எனக்கு அந்த எண்ணை எழுத மட்டும் தெரியும். அது ஏன் ஏறுகிறது என்று அவருக்குத் தெரியும். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது.

விசாரித்தேன். அரசு ஐடிஐயில் குளிர்பதன, ஏசி மெக்கானிக் பிரிவு இரண்டு வருடம். ஆண்களுக்கு 40 வயது வரை சேர்ப்பார்கள், எனக்கு அப்போது 31. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, இலவச பஸ் பாஸ், சைக்கிள், சீருடை. சைக்கிள் என்றதும் என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரே சிக்கல், வகுப்பு பகலில். யார்டில் மூன்று ஷிஃப்டும் வாராவாரம் மாறும். இரண்டு வருடத்துக்கு என்னை நைட்டிலேயே போட்டுவிடுங்கள், யாருக்கும் பிடிக்காத ஷிஃப்டுதானே என்று கேட்டேன். ‘ஒருத்தனுக்குக் கொடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பான்’ என்றார் ஹெச்.ஆர். சம்பளமில்லாத விடுப்பு கேட்டேன். அப்படி ஒன்று இங்கே கிடையாது என்றார். சரி, அப்போ நான் விலகிக்கொள்கிறேன் சார் என்றேன். அதைக் கேட்டதும் டிராயரிலிருந்து வெள்ளைத் தாள் வந்தது. அவ்வளவு தயாராக இருந்தது அந்தத் தாள்.

‘தொழிற்பயிற்சியில் சேர்வதால்’ என்று எழுதலாமா சார் என்று ஒரு முறை கேட்டேன். அதெல்லாம் எதுக்கு, எல்லாரும் எழுதுறதை எழுதிட்டுப் போங்க, செட்டில்மென்ட் சீக்கிரம் வரும் என்றார். எழுதினேன். வீட்டில் அந்த ஜெராக்ஸைக் கண்ணாடி போட்டுப் படித்த அப்பா கேட்ட ஒரே கேள்வி: ‘படிக்கப் போறேன்னு எழுத உனக்கு இன்னா கூச்சம்?’ அவர் வேலை பார்த்த மில் மூடியபோது எழுதிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு, எழுத மாட்டேன் என்று உட்கார்ந்தவர்களும் உண்டு. இவர் இரண்டாவது ரகம். வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தார். அதனால் யாருக்கு என்ன எழுதிக் கொடுக்கிறோம் என்பதில் அவருக்கு ஒரு கண் எப்போதும் இருக்கும். அன்றைக்கு எனக்கு அது வயசானவரின் பழைய யூனியன் பேச்சாகத்தான் பட்டது.

காசுக் கணக்கு

பிஎஃப் பணம் கைகொடுத்தது. வேலையில்லாமல் ஒரு மாதம் கழிந்தால் 75 சதவீதம், இரண்டு மாதம் கழிந்தால் மீதியும் எடுக்கலாம் என்று அப்போதைய விதி. கிராஜுவிட்டியும், அதாவது பணிக்கொடையும் வந்தது. அடிப்படைச் சம்பளம் 9,000, அதைப் பதினைந்தால் பெருக்கி இருபத்தாறால் வகுத்து, ஏழு வருடத்தால் பெருக்கினால் 36,346 ரூபாய். கிராஜுவிட்டி நல்ல சட்டம். ஐந்து வருடம் வேலை செய்தாயா என்று மட்டும் கேட்கும். நீயாகப் போனாயா, அவர்கள் அனுப்பினார்களா என்றெல்லாம் நோண்டாது.

நவம்பர் வந்ததும் கை கடித்தது. பையனை அந்த வருடம்தான் எல்.கே.ஜி.யில் போட்டிருந்தோம். மனைவி வீட்டிலேயே பிளவுஸ் தைத்து மாதம் எட்டாயிரம் கொண்டுவந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் ஐடிஐ கேன்டீனில் ஒருவர் சொன்னார், ‘இஎஸ்ஐ கட்டினவங்களுக்கு வேலை போனா பாதிச் சம்பளம் தருவாங்க, தெரியாதா?’ தெரியாது. ஏழு வருடமாக என் சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுப் பிடித்தம் இருந்தது. 14,500க்கு 0.75 சதவீதம், 109 ரூபாய். அதை நான் ஆஸ்பத்திரிக் காசு என்றே நினைத்திருந்தேன். அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில்தான் பையன் பிறந்தான். ஆஸ்பத்திரியைத் தாண்டி அந்தப் பிடித்தத்துக்குள் வேறு ஏதோ இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை.

தேடிப் படித்தேன். ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா, 2005 ஏப்ரலில் வந்தது. வேலை இழந்தவருக்கு முதல் வருடம் சம்பளத்தில் 50 சதவீதம், இரண்டாவது வருடம் 25 சதவீதம். என் கணக்கில் முதல் வருடம் மாதம் 7,250, அடுத்த வருடம் 3,625. மொத்தம் 1,30,500. இரண்டு வருடப் படிப்புக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. அதைவிட வேடிக்கை, வேலை இழந்தவருக்குத் தொழிற்பயிற்சி கொடுக்கவும் அந்தத் திட்டத்திலேயே இடம் இருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு மனைவியை எழுப்பிச் சொன்னேன். தூக்கத்திலேயே ‘நிபந்தனை இன்னான்னு பாரு’ என்றாள்.

நிபந்தனை இருந்தது. ஆலை மூடியிருக்க வேண்டும், அல்லது ஆட்குறைப்பில் போயிருக்க வேண்டும், அல்லது வேலைக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் 40 சதவீதமாவது நிரந்தர ஊனம் வந்திருக்க வேண்டும். தானாக விட்டுப் போனவருக்குக் கிடையாது. இதற்கப்புறம் 2018இல் வந்த இன்னொரு திட்டத்திலும் ஓய்வுபெற்றவர், விருப்ப ஓய்வில் போனவர், ஒழுங்கீனத்துக்காக வெளியேற்றப்பட்டவர் வர முடியாது. படித்துவிட்டு விளக்கை அணைத்தேன். ஆனால் மனசு ஒரு வக்கீலை உள்ளே உட்கார வைத்துவிட்டது. நைட் ஷிஃப்ட் கேட்டும் தரவில்லையே? விடுப்பும் தரவில்லையே? அப்படியானால் நான் விட்டேனா, விட வைக்கப்பட்டேனா?

கவுன்ட்டர்

ஒரு நாள் முன்பாதி லீவு போட்டுவிட்டு இஎஸ்ஐ அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். வரிசையில் நின்றபடி, சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். ‘ஷிஃப்ட் மாத்தித் தர மாட்டேன்னுட்டாங்க மேடம், அதனால வேலையே போச்சு.’ இதில் பொய் எதுவும் இல்லை. உண்மையும் முழுசாக இல்லை. படிப்பு என்ற வார்த்தையை மட்டும் பக்குவமாக விழுங்கியிருந்தேன்.

எனக்கு முன்னால் இரண்டு ஆள் தள்ளி ஒரு பிடரி. எங்கேயோ பார்த்த பிடரி. எங்கள் யார்டு கேட்டில் பன்னிரண்டு வருடம் வண்டி நம்பர் எழுதிய அண்ணன்தான் அது. நான் போன பிறகு அக்டோபரில் இரண்டு கேட்டில் ஒன்றை மூடிவிட்டார்கள் என்றும், ஆறு பேரை அனுப்பிவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். அவரும் அந்த ஆறில் ஒருவர் என்று தெரியாது. அவர் முறை வந்தது. கவுன்ட்டரில் இருந்த மேடத்துக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், மூக்கு நுனியில் கண்ணாடி, எரிந்துவிழாத குரல்.

‘அவங்க அனுப்பினாங்களா, நீங்களா விட்டீங்களா?’

‘அவங்கதான் மேடம் அனுப்பினாங்க. ஆள் ஜாஸ்தின்னாங்க.’

‘லெட்டர் இருக்கா?’

அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து விரித்துக் கொடுத்தார். மேடம் வாய்விட்டுப் படித்தார். ‘நான் எனது சொந்தக் காரணங்களுக்காக...’ எனக்கு உச்சந்தலையில் தண்ணீர் ஊற்றியது போல் இருந்தது. அதே வாசகம். ஒரு எழுத்து மாறவில்லை, தேதி மட்டும்தான் வேறு.

‘இது உங்க கையெழுத்துதானே?’

‘ஆமா மேடம். எழுதிக் கொடுத்தா ரெண்டு மாசச் சம்பளம், இல்லன்னா ஒன்னும் இல்லன்னாங்க.’

மேடம் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கமாகக் கொஞ்சம் திருப்பினார். கம்பெனிக்காரர்கள் மாதாமாதம் இஎஸ்ஐ கணக்கு ஏற்றும்போது, ஒருவர் வேலையில் இல்லையென்றால் ஏன் இல்லை என்பதற்கு ஒரு எண் போட வேண்டும். 2 என்றால் வேலையை விட்டுவிட்டார். 10 என்றால் ஆட்குறைப்பு. ‘உங்களுக்கு 2 போட்டிருக்காங்க. 10 போட்டிருந்தா நான் ஃபைலை மேல அனுப்பலாம். லெட்டரும் 2ன்னுதான் சொல்லுது, கம்ப்யூட்டரும் 2ன்னுதான் சொல்லுது. நான் எதை வெச்சு உங்களை நம்புறது, சொல்லுங்க?’ அதட்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பதில் தெரிந்தால் சொல்லுங்கள் என்பது போலத்தான் கேட்டார். அண்ணன் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ‘சரி மேடம்’ என்று நகர்ந்தார்.

என் முறை. ஒத்திகை பார்த்த வரி நாக்கு நுனியில் இருந்தது. அண்ணன் ஓரமாக நின்று என்னைப் பார்த்துவிட்டார். ‘அவங்க அனுப்பினாங்களா, நீங்களா விட்டீங்களா?’ நானா விட்டேன் மேடம், ஐடிஐ சேர்ந்திருக்கேன் என்றேன். அப்போ இங்க எதுக்கு வந்தீங்க என்றார். எதற்கும் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்று சொல்லி அசடு வழிந்தேன். நல்லாப் படிங்க என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே டீக்கடையில் அண்ணன்தான் வாங்கிக் கொடுத்தார். ‘இன்னா தம்பி, நீயும் இங்கதான் சுத்துறியா? உன்னையும் தூக்கிட்டானுங்களா?’ இல்லைண்ணே, படிக்கப் போனேன், நானாத்தான் விட்டேன் என்று என் கதையைச் சொன்னேன். லெட்டரில் என்ன எழுதினேன் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். அப்புறம் சிரித்தார். ‘அப்போ அது உன் லெட்டரு நைனா. உன் லெட்டரைத்தான் எங்க ஆறு பேர் கையிலயும் குடுத்து எழுத வெச்சிருக்கானுங்க.’

அந்த வாக்கியத்தை நான் இன்னும் கடந்து வரவில்லை. அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். யோசித்தால், அந்த டிராயரில் தாளும் வாசகமும் அவ்வளவு தயாராக இருந்ததற்குக் காரணம் புரிகிறது. ஆட்குறைப்பு என்று முறையாகச் செய்தால் ஒரு மாத நோட்டீஸ், ஒவ்வொரு வருட சர்வீஸுக்கும் 15 நாள் சம்பளம் என்று 1947 தொழில் தகராறு சட்டத்தில் இருந்தது. அண்ணனுடைய பன்னிரண்டு வருடத்துக்கு அதுவே ஆறு மாதச் சம்பளம், அதற்குமேல் நோட்டீஸ் மாதம், அதற்குமேல் இஎஸ்ஐயில் இரண்டு வருட உதவித்தொகை. இத்தனையையும் மூன்று வார்த்தை தின்றுவிட்டது. என்னை மாதிரி ஆட்கள் நிஜமாகவே சொந்தக் காரணத்துக்காகப் போவதால்தான் அந்த வார்த்தைகளுக்கு ஒரு நம்பகத்தன்மை இருக்கிறது. எல்லாருமே பொய்யாக எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். நடுநடுவே ஒருவன் நிஜமாக எழுத வேண்டும்.

தொழிலாளர் துறையில் மனு கொடுங்கண்ணே, 45 நாளில் சமரசம் ஆகவில்லையென்றால் லேபர் கோர்ட்டுக்கு நேராகவே போகலாம், மூன்று வருடம் டைம் இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டும் அங்கே இங்கே படித்தும் பிறகு போனில் சொன்னேன். ‘கேஸ் போட்டவன்னு பேரு வந்தா மாதவரத்துலருந்து எண்ணூர் வரைக்கும் எந்த யார்டுல சேப்பான்?’ என்றார். அவர் மகள் அப்போது காலேஜ் இரண்டாம் வருடம்.

நானாகப் போனவனுக்கு என்ன நியாயம்

அண்ணனுக்கு நடந்தது அநியாயம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் விஷயம்தான் இன்னும் அடங்க மாட்டேன் என்கிறது. தானாக விட்டவருக்கும் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களை எனக்குப் புரிகிறது. எங்கள் தெருவிலேயே மூன்று பேர் மறுநாளே பேப்பர் போட்டுவிட்டு மெரினாவுக்குப் போய்விடுவார்கள். காப்பீடு என்பது நம் கையில் இல்லாத ஒன்று நடந்தால் கைகொடுப்பது. வீட்டுக்குத் தானே நெருப்பு வைத்தவனுக்கு யார் பணம் தருவார்கள்? சரி. ஆனால் நான் நெருப்பு வைக்கவில்லை, வீட்டை இடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் உறுதியாகக் கட்டப் போனேன் என்றால் அதற்கு எந்த எண்? 2க்கும் 10க்கும் நடுவில் எனக்கு ஒரு எண் இல்லை.

எர்ணாவூரில் என்னோடு படித்த ஒருத்தன் கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறான். அங்கே வேலையில்லாதவர்களுக்கான காப்பீடு பெரியது என்று பீற்றிக்கொள்வான். நீ படிக்கிறதுக்காக வேலையை விட்டா தருவாங்களாடா என்று கேட்டேன். அங்கேயும் கிடையாதாம். ஒரே ஒரு வழி, வேலையை விடுவதற்கு முன்பே அதற்கென்று அதிகாரம் பெற்ற அலுவலகம் ஒன்று இந்தப் பயிற்சிக்குப் போ என்று அனுப்பி வைத்திருக்க வேண்டும். முதலில் அனுமதி, அப்புறம் படிப்பு. நானாக ஆசைப்பட்டுப் போனால் அது என் பாடு. உலகம் முழுக்க அப்படித்தான் போலிருக்கிறது என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

இன்னொரு காமெடியும் உண்டு. நம் மாநில அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை. பிளஸ் டூ முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருந்தால் மாதம் 400 ரூபாய், மூன்று வருடத்துக்கு. எனக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்த்தேன். 2009இல் பதிந்த பதிவை நான் புதுப்பிக்க மறந்து அது காலாவதி. குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000க்குள் இருக்க வேண்டும், என் மனைவியின் பிளவுஸ் கணக்கே 96,000. எல்லாவற்றுக்கும் மேல், தினமும் போய்ப் படிக்கிற மாணவனுக்குக் கிடையாது. ஒரு பக்கம் நீயாக விட்டாய், கிடையாது என்றார்கள். இன்னொரு பக்கம் நீ சும்மா இல்லையே, படிக்கிறாயே, கிடையாது என்றார்கள். ஐடிஐ மட்டும் மாதாமாதம் 750 ரூபாயைப் பேசாமல் கணக்கில் போட்டது. சும்மா இருப்பவனுக்கு 400, அரம் தேய்ப்பவனுக்கு 750. அந்த வகையில் அரசு என் பக்கம்தான் இருந்திருக்கிறது.

அரம் என்றதும் ஞாபகம் வருகிறது. முதல் வாரம் முழுக்க ஒரு இரும்புத் துண்டை அரத்தால் தேய்த்து மட்டமாக்குவதுதான் வேலை. வெளிச்சத்தில் ஸ்கொயரை, அதாவது மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் கீற்று தெரியக்கூடாது. எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் பதினேழு வயசுப் பையன் என்னை முதல் நாள் சார் என்றான், இரண்டாம் நாள் அண்ணா என்றான், மூன்றாம் நாள் ‘அண்ணா, அழுத்தாதீங்க, அரம் தானா போகும்’ என்று சொல்லிக் கொடுத்தான். செப்புக் குழாயைப் பற்றவைக்கும்போது வெள்ளிக் கம்பி உருகி இடுக்குக்குள் தானாக ஓடும் பாருங்கள், அதை முதல் முறை பார்த்த அன்றைக்கு 1,30,500 ரூபாய் ஞாபகத்துக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து மளிகைப் பாக்கியைப் பார்த்ததும் வந்தது.

2024இல் முடித்தேன். இப்போது ரீஃபர் சர்வீஸ் செய்யும் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். எண் ஏறினால் கூப்பிடுகிறார்கள். கேட் அண்ணன் ஒரு அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன், அங்கேயும் வண்டி நம்பர்தான் எழுதுகிறார்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்ததைப் பேப்பரில் பார்த்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. ஆட்குறைப்பில் போகிறவருக்கு 15 நாள் சம்பளத்தை முதலாளி ஒரு நிதியில் கட்ட வேண்டும், அது 45 நாளுக்குள் அவர் கணக்குக்கு வர வேண்டும். புதுத் தொழில் கற்றுக்கொள்வதற்காகவாம். கற்றுக்கொள்ளக் காசு கொடுக்கலாம் என்று சட்டத்துக்கே தோன்றியிருக்கிறது. அதுவும் வெளியே தள்ளப்பட்டவருக்குத்தான், அதுவும் தாளில் ஆட்குறைப்பு என்று இருந்தால்தான். அந்த டிராயரில் இன்னும் வெள்ளைத் தாள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் பழைய யார்டிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். டேலி ரூமில் இருக்கிறான், அவனும் ஏசி மெக்கானிக் படிக்கப் போகிறானாம். ‘அண்ணா, லெட்டர்ல இன்னா காரணம் போடட்டும்?’ படிக்கப் போறேன்னே போடு என்றேன். உதவித்தொகை வருமா என்று கேட்டான். வராது, ஆனாலும் போடு என்றேன். அப்புறம்தான் கேட்கத் தோன்றியது, சேர்ந்து எத்தனை வருஷம் ஆச்சுடா? நாலு வருஷம் ஏழு மாசம் என்றான். டேய், லெட்டரை மடித்து உள்ளே வை என்றேன். நாலு வருடம் முடித்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் கிராஜுவிட்டி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998லேயே சொல்லியிருக்கிறது. ஏழு மாசத்தில் 240 ஆகியிருக்காது, எத்தனை நாள் லீவு போட்டாய், இன்னும் எத்தனை நாள் வேண்டும், கணக்குப் பார்த்துவிட்டுச் சொல் என்றேன். இரு அண்ணா, காலண்டர் எடுத்துட்டு வரேன் என்று போனை மேசை மேல் வைத்தான். பின்னால் டிரெய்லர் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. ஜனவரியிலிருந்து ஒவ்வொரு மாதமாக அவன் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தான்.